மேட்டில் மட்டும் அழுத கிரவுன்

"வண்டி மேல ஏறும்போது மட்டும் அழுவுதுங்ணா. எறங்கறப்போ கம்முனு வருது."

டிரைவர் தம்பி இதைச் சொன்னது ஒரு ஜனவரி மாதக் காலையில், டீ குடித்துக்கொண்டே, ஏதோ மாட்டைப் பற்றிப் பேசுவதுபோல. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து நாள் கழித்துப் பின்பக்க வலது சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் ஈரமாக இருப்பதைப் பார்த்தபோதுதான் அவன் சொன்னது திரும்ப ஞாபகம் வந்தது. இந்த இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

வண்டி ஒரு டன்னுக்குச் சற்று மேல் ஏற்றும் டீசல் பிக்கப், 2015 மாடல். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. குற்றம் கம்பெனியுடையது இல்லை, பெயர் சொன்னால் பேச்சு அதிலேயே நின்றுவிடும். பின்னால் பட்டை ஸ்பிரிங், அதன்மேல் ஒரே உருளையாக வரும் ஆக்சில் ஹவுசிங், நடுவில் பூசணிக்காய் மாதிரி புடைத்த கிரவுன் பெட்டி. இன்ஜினிலிருந்து வரும் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் இரண்டு பல்சக்கரங்கள் அதற்குள்தான் இருக்கின்றன: பெரியது கிரவுன், சிறியது பினியன். முந்தின ஆகஸ்டில் 1,38,000 கி.மீ. ஓடியதைக் கைமாற்றாக வாங்கினேன். வேலை ஒன்றுதான்: கோத்தகிரிப் பக்கத் தோட்டத்திலிருந்து கேரட், பீட்ரூட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவது, திரும்பும்போது உர மூட்டையோடு ஏறுவது. முப்பத்துச் சொச்சம் கி.மீ. தூரத்துக்குள் 1,400 மீட்டருக்கு மேல் ஏற்றம். சமவெளியில் ஓடும் வண்டிக்கு ஒரு வருடத்தில் கிடைக்காத வேலை இந்த ஆக்சிலுக்கு ஒரு மாதத்தில் கிடைத்துவிடும்.

வாங்கும்போது இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் எல்லாம் பார்த்தேன். கிரவுன் ஆயிலைப் பார்க்கவில்லை. அடியில் குனிந்து பார்த்தபோது ஹவுசிங் பளபளவென்று கறுப்பாக இருந்தது. புது பெயிண்ட். சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று மனசுக்குள் ஒரு மார்க் கூடப் போட்டேன். அந்த மார்க்தான் பின்னால் என்னை நன்றாகக் கேலி செய்தது.

ஆளுக்கொரு தீர்ப்பு

சத்தம் பற்றிக் கேட்டவர்கள் எல்லோரும் உடனே தீர்ப்புச் சொன்னார்கள். ஒருவர் டயர் என்றார். ஒருவர் நடு ஜாயிண்ட் பேரிங் என்றார். ஒரு பட்டறையில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிரவுன் பினியன் செட்டு போயிருச்சுங்க, மாத்தோணும்" என்று இருபத்தெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். லெவல் பிளக்கைக் கழற்றி உள்ளே ஆயில் இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது, நானும் ஐந்து மாதமாகப் பார்க்காதவன்தான்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை ஊகிக்காமல் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, கணக்கு. ஆக்சிலில் இருந்த தகட்டில் 41, 10 என்று அடித்திருந்தது. கிரவுன் வீலுக்கு 41 பல், பினியனுக்கு 10 பல். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் 41 பல் ஒன்றோடொன்று தட்டும். டயர் 215/75 ஆர் 15, சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 450 சுற்றுச் சுற்றும். பல் தட்டும் வேகம் நொடிக்கு 310 முறை. காதுக்கு அது ஒரு ஸ்வரம். பாட்டுக்காரர்கள் கணக்கில் இரண்டரைக் கட்டை. 30 கி.மீ. வேகத்தில் சரிபாதி, அதே கட்டை கீழ் ஸ்தாயியில், 155.

செல்போனில் சுருதி காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு, உர மூட்டையோடு ஏறும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்பீடோமீட்டர் 30-ஐத் தொடும்போது ஆப் 148-க்கும் 152-க்கும் நடுவில் காட்டியது. ஸ்பீடோமீட்டர் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அதைக் கழித்தால் கணக்கு உட்கார்ந்துவிடுகிறது. கியரைக் குறைத்தாலும் வேகம் அதேயானால் சுருதி மாறவில்லை. ஆக, இன்ஜினும் கியர்பாக்ஸும் இல்லை. சாலை தார் மாறி சிமென்ட் ஆனபோதும் மாறவில்லை. அதனால் டயரும் இல்லை. வளைவில் எடை ஒரு பக்கம் சாய்ந்தபோதும் மாறவில்லை, சக்கர பேரிங் என்றால் அங்கே மாறியிருக்கும். சத்தம் கிரவுனும் பினியனும் சேரும் இடத்திலிருந்துதான். பட்டறைக்காரர் சொன்ன இடம் சரி. ஏன் என்பதைத்தான் அவர் கேட்கவில்லை.

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கிரவுன் பல்லின் ஒரு முகம் சுமை தாங்கும். மலை இறங்கும்போது காலை எடுத்து கியரில் விட்டால் பல்லின் மறுமுகம் தாங்கும். எங்கள் வண்டி லோடோடு இறங்குகிறது, பாதி லோடோடு ஏறுகிறது. பல்லே தேய்ந்திருந்தால் இறங்கும்போதும் கொஞ்சமாவது அழ வேண்டாமா? ஆனால் இறங்கும்போது வண்டி கம்மென்று வருகிறது. இந்த ஒரு முரண்தான் இருபத்தெட்டாயிரம் ரூபாய்ச் சீட்டை நான் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டதற்குக் காரணம்.

முதல் ஞாயிறு: திறக்காத பிளக்

வீட்டு முன்னால் சிமென்ட் தரை இருக்கிறது, ரசமட்டம் வைத்துப் பார்த்தால் சமம். இந்த வேலைக்கு அது முக்கியம். வண்டி சாய்ந்து நின்றால் பிளக் துளையில் தெரியும் அளவு பொய் சொல்லும். முன்பக்கத்தை மட்டும் அல்லது பின்பக்கத்தை மட்டும் தூக்கி அளவு பார்ப்பவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

ஜாக்கி விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். கியரில் போட்டிருக்கிறேன், வண்டி நகராது என்று நினைத்து ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்குபவர்கள் உண்டு. சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் அது பிடிக்காது. தூக்கிய சக்கரம் சுதந்திரமாகச் சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் எதிர்த்திசையில் உருளும், பினியன் அசையாமல் அப்படியே நிற்கும். வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றட்டும் என்பதற்காக வைத்த அதே அமைப்பு, ஜாக்கியில் ஆளைக் கொல்லப் பார்க்கும். இரண்டு பின்சக்கரமும் மேலே போனால் ஹேண்ட் பிரேக்கும் பிரயோசனமில்லை, அதுவும் பின்சக்கரத்தில்தான் வேலை செய்கிறது. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, ஹவுசிங்குக்கு அடியில் ஸ்டாண்டு வைத்த பிறகே நான் உள்ளே நுழைவேன். செங்கல்லை அடுக்கி வைப்பது ஸ்டாண்டு ஆகாது.

இரண்டு சக்கரமும் மேலே இருக்கும்போதே சில பரிசோதனைகளை முடித்தேன். கியரில் போட்டுவிட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மறு சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றியது. அப்படியென்றால் உள்ளே இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல், இரண்டு சக்கரமும் தனித்தனியே சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை கிடையாது, ஆயிலோடு தனி மருந்து எதுவும் கலக்க வேண்டியதில்லை. பினியன் நுனியில் உள்ள ஃப்ளாஞ்சை (வட்டத் தகடு) பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். ஆட்டம் இல்லை. இது பெரிய நிம்மதி. ஆட்டம் இருந்திருந்தால் பினியன் பேரிங் ஏற்கனவே போய்விட்டது என்று அர்த்தம், மேற்கொண்டு படிக்க எதுவும் இருந்திருக்காது.

அப்புறம் லெவல் பிளக். இது வீட்டில் செய்பவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது மாட்டிக்கொள்ளும் இடம். கீழே இருக்கும் டிரெயின் பிளக்கை முதலில் கழற்றிவிடக் கூடாது. மேலே இருக்கும் லெவல் பிளக் திறக்கிறது என்று உறுதியான பிறகுதான் கீழே கை வைக்க வேண்டும். கீழே கழற்றி ஆயிலை விட்டுவிட்டு, மேலே திறக்கவில்லை என்றால் வண்டி நகரவே முடியாது. இது எனக்குத் தெரிந்திருந்தது, அதனால் பிழைத்தேன். ஏனென்றால் லெவல் பிளக் திறக்கவில்லை.

அதன் அறுகோணத் தலையில் மூன்று மூலை மழுங்கியிருந்தது. யாரோ உளியால் தட்டிய தழும்பு. அதன்மேல் அந்தப் பளபள கறுப்பு பெயிண்ட். பன்னிரண்டு மூலை உள்ள ரிங் ஸ்பானரைப் போட்டால் மிச்சம் இருக்கும் மூலைகளும் போய்விடும். கம்பி பிரஷ் போட்டுப் பெயிண்டைச் சுரண்டி, துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து, சுத்தியலால் பிளக்கின் நடுவில் நேராக இருபது தட்டுத் தட்டிவிட்டு அன்றைக்கு மூடிவிட்டேன். தீயைக் காட்டிப் பார்க்கச் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர். உள்ளே எண்ணெய் ஆவி இருக்கும் மூடிய பெட்டிக்குத் தீ காட்டும் துணிச்சல் எனக்கு இல்லை.

வாரம் முழுக்க ராத்திரி ஒரு முறை ஸ்பிரே. அடுத்த ஞாயிறு ஆறு மூலை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்றி, நீளமான கம்பியில் மூன்றடிக் குழாயைச் சொருகி மெதுவாக அழுத்தியபோது, துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தத்தோடு பிளக் இளகியது. கடைசி மரையைக் கையால் கழற்றும்போது உள்ளிருந்து "புஸ்ஸ்" என்று காற்று வந்தது.

அந்தப் புஸ் வரக் கூடாது. அதைக் கேட்டபோதே பாதி விஷயம் விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்கவில்லை. துளைக்குள் சுண்டுவிரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். விரலுக்கு எட்டிய தூரத்தில் ஆயிலே இல்லை.

இரண்டாம் ஞாயிறு: ஆயில் சொன்ன வாக்குமூலம்

குளிர்ந்த கியர் ஆயில் வடிய நாள் பிடிக்கும், அழுக்கும் அடியில் தங்கிவிடும். அதனால் வண்டியை இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து டிரெயின் பிளக்கைக் கழற்றினேன். அடியில் அளவுக்கோடு போட்ட பழைய பெயிண்ட் வாளி. கையேட்டில் சொன்ன கொள்ளளவு 2 லிட்டர். வாளியில் விழுந்தது 1,150 மி.லி.

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். புது ஆயில் ஊற்றுவதில் ஒரு சுவாரஸ்யமும் இல்லை. பழைய ஆயிலைப் பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொட்டிவிடுகிறார்கள்.

நிறம் கறுப்பும் இல்லை, பழுப்பும் இல்லை. பால் அதிகமாகிப்போன காபி. விரலில் தேய்த்தால் வழவழப்புக்கு நடுவே ஏதோ நுரைத்தது. தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்ற சந்தேகத்தைத் தீர்க்கப் பழைய டப்பா மூடி ஒன்றை ஸ்டவ்வில் காயவைத்து ஒரு சொட்டு விட்டேன். தாளித்தது போலப் படபடவென்று வெடித்தது. சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் புகையத்தான் செய்யும். (இதை வீட்டுக்கு வெளியே, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். எந்த ஸ்டவ் என்பதை வீட்டில் சொல்லாமல் இருப்பதும் நல்லது.)

டிரெயின் பிளக்கின் நுனியில் ஒரு காந்தம் உண்டு. அதில் ஒரு டீஸ்பூன் அளவுக்குச் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது, கண்மை மாதிரி. கண்மை பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. எத்தனையோ ஆயிரம் கி.மீ. பல்லோடு பல் உரசினால் அந்த அளவு தூள் வரத்தான் செய்யும். பசையை வெள்ளைத் துணியில் தடவி வெயிலில் பார்த்தேன். இரண்டு மெல்லிய ஜிகினாத் துண்டுகள் மின்னின. அவை பல்லிலிருந்து வரவில்லை, பேரிங்கின் ஓடுதளத்திலிருந்து உரிந்தவை என்று நினைக்கிறேன். நகத்துணுக்கு அளவில் கெட்டித் துண்டு கிடைத்திருந்தால் பல் உடைந்திருக்கிறது என்று அர்த்தம், அப்போது பட்டறைச் சீட்டை வெளியே எடுத்திருப்பேன். அப்படி ஒன்றும் இல்லை.

சரி, 850 மி.லி. குறைவு, தண்ணீர் கலப்பு, பேரிங்கிலிருந்து இரண்டு ஜிகினா. மேட்டில் மட்டும் ஏன் அழுதது என்பதற்கு இப்போது பதில் சொல்ல முடிந்தது. பினியனுக்கு இரண்டு பேரிங். முன்னால் இருப்பது மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் இருக்கிறது. அதற்கு ஆயில் போவது கிரவுன் வீல் சுற்றும்போது வாரி இறைப்பதால்தான். பத்தடிக்கு ஓரடி உயரும் மேட்டில், 25 செ.மீ. நீள மூக்கு இரண்டரை செ.மீ. மேலே தூக்கிக்கொள்ளும், ஆயில் பின்பக்கம் ஒதுங்கும். லோடோடு ஏறும்போது வேகமும் 30-ஐத் தாண்டாது, கிரவுன் வீல் நிமிடத்துக்கு 225 சுற்றுதான், வாரி இறைப்பதும் குறைவு. சுமையோ அப்போதுதான் உச்சம். அளவு சரியாக இருந்திருந்தால் இதெல்லாம் தாங்கும். பாதிக்குச் சற்று மேல் ஆயிலோடு, அதிலும் தண்ணீர் கலந்த ஆயிலோடு, ஒவ்வொரு ஏற்றத்திலும் முன் பேரிங் காய்ந்திருக்கிறது. அது பிடித்து நிறுத்த வேண்டிய பினியன் சுமையில் மயிரிழை விலகினாலும் அழுவது பல் சேரும் இடம்தான். இறங்கும்போது மூக்கு கீழே, ஆயில் தானாக முன்னால் ஓடும், கம்மென்று இருக்கும்.

பெயிண்ட் அடைத்த மூச்சு

ஆயில் எங்கே போயிற்று, தண்ணீர் எப்படி வந்தது? அந்தப் புஸ்ஸை இப்போதுதான் யோசித்தேன்.

ஹவுசிங்கின் மேல்புறம், வலது குழாயில், கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு தொப்பி இருக்கும். பிரீதர். ஆக்சில் சூடாகும்போது உள்ளே காற்று விரியும், அது வெளியேற வழி அதுதான். எங்கள் வண்டியில் அந்தத் தொப்பி லேசாக ஆட வேண்டும், ஆடவில்லை. விற்பதற்கு முன் அடித்த கறுப்பு பெயிண்ட் தொப்பியையும் தண்டையும் ஒன்றாக ஒட்டி வைத்திருந்தது, அதற்குக் கீழே கல்லாய் இறுகிய சேறு. நான் வாங்கும்போது மார்க் போட்டது இந்தப் பெயிண்டுக்குத்தான்.

மூச்சடைத்த பெட்டிக்குள் என்ன நடக்கும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. 30 டிகிரியில் மூடிய காற்று 90 டிகிரிக்குப் போனால் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடும், ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ. கேட்பதற்குக் கொஞ்சம்தான். ஆனால் ஆக்சில் முனையில் இருக்கும் ரப்பர் சீல் தெறிக்கும் ஆயிலைத் தடுக்கச் செய்தது, அழுத்தம் தாங்கச் செய்ததில்லை. ஒவ்வொரு ஏற்றத்திலும் அதன் உதட்டைத் தூக்கிக்கொண்டு ஆயில் கசிந்திருக்கிறது. வலது டிரம் ஈரமானது அப்படித்தான்.

தண்ணீர் வந்தது இதற்கு நேர்மாறான வழியில். நவம்பர் மழையில் மலையிறங்கி வந்த கையோடு, சூடான ஆக்சிலோடு, தரைப்பாலத்தில் சக்கர மையம் வரை ஓடிய தண்ணீரில் தம்பி வண்டியை விட்டிருக்கிறான். கேட்டபோது, "மூணு தடவ போயிருக்கேனுங்ணா, வேற வழி இல்லீங்" என்றான். சூடான காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கினால் உள்ளே உறிஞ்சும். பிரீதர் திறந்திருந்தால் மேலிருந்து காற்றை இழுத்திருக்கும். அது அடைபட்டிருந்ததால் தண்ணீருக்குள் இருந்த சீல் வழியாகத் தண்ணீரை இழுத்தது.

கிரவுன் போய்விட்டது என்று ஆளாளுக்குச் சொன்ன வண்டியில் முதலில் கெட்டது ஐம்பது ரூபாய் பெறாத ஒரு தொப்பி.

எந்த ஆயில் என்ற சண்டை

கடையில் "கிரவுனுக்கு 90 ஆயில்" என்று கேட்டால் எந்த டப்பாவும் கைக்கு வரும். 90 என்பது கெட்டித்தன்மை மட்டும். 100 டிகிரி சூட்டில் கெட்டித்தன்மை 13.5-க்கும் 18.5-க்கும் நடுவே (சென்டிஸ்டோக்ஸ் என்ற அளவில்) இருந்தால் அது 90. இன்ஜினில் ஊற்றும் 40 ஆயிலின் எல்லை 12.5 முதல் 16.3 வரை. அதாவது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கெட்டிதான், இரண்டு அளவுகோலும் வேறு. 90 என்ற எண்ணைப் பார்த்து இரண்டு மடங்கு கெட்டி என்று நம்புகிறவர்கள் ஏராளம். நானும் வெகுநாள் நம்பினேன்.

பார்க்க வேண்டியது டப்பாவின் பின்பக்கம் சிறிய எழுத்தில் உள்ள ஜிஎல் எண். கிரவுன் பினியன் ஹைப்பாய்டு வகை. பினியனின் மையம் கிரவுன் மையத்துக்குக் கீழே இறங்கி இருக்கும். 1920-களில் பேக்கார்ட் கார்கள் இதைக் கொண்டுவந்ததற்குக் காரணம், கியர்பாக்ஸிலிருந்து பினியனுக்கு வரும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டைத் தாழ்த்தினால் காரின் தரையையும் தாழ்த்தலாம் என்பது. அதற்குக் கொடுத்த விலை, பற்கள் உருள்வதோடு நிற்காமல் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. வழுக்கும் இடத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்தால் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்துதான் பல்லைக் காப்பாற்றும். அது ஜிஎல்-5-ல் அதிகம், ஜிஎல்-4-ல் ஏறக்குறைய பாதி. கியர்பாக்ஸில் மீந்த ஜிஎல்-4-ஐ கிரவுனில் ஊற்றுவது தப்பு. அதேபோல் ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் கிரவுன் ஆயிலை ஊற்றினால் பித்தளை வளையங்களுக்கு ஆகாமல் போகலாம். நான் வாங்கியது 80டபிள்யூ-90, ஜிஎல்-5, மினரல். சிந்தெடிக் வாங்கவில்லை. முதல் ஊற்றை ஐந்நூறு கி.மீ.யில் வடித்துவிடப் போகிறேன் என்று தெரிந்திருந்ததால் அதற்குக் காசு போட மனசு வரவில்லை.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு இறங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பல பிக்கப்களில் டிரெயின் பிளக்கே கிடையாது. ஃபோர்டின் 8.8 அங்குல ஆக்சில் அப்படித்தான். பின்மூடியின் பத்து போல்ட்டையும் கழற்றி, மூடியை நெம்பி, பழைய சிலிகானைச் சுரண்டி, புதிதாகத் தடவி மூடுகிறார்கள். எங்கள் வண்டியின் ஹவுசிங் வேறு அமைப்பு. கிரவுனும் பினியனும் முன்பக்கமாக ஒரே துண்டாகக் கழன்று வரும், பின்னால் இருப்பது பற்றவைத்த மூடி. அதை நெம்பப் போனால் நெம்புகோல்தான் வளையும்.

மூன்றாம் ஞாயிறுக்கு முன்

சீல் மாற்றும் வேலையை நான் செய்யவில்லை. எங்கள் ஆக்சிலில் பேரிங்கை ஒரு இரும்பு வளையம் பிரஸ்ஸில் ஏற்றிப் பிடித்திருக்கிறது. அதை உளியால் வெட்டி, புதியதை அழுத்தி ஏற்ற வேண்டும். சரியாக ஏறவில்லை என்றால் ஓடும் வண்டியிலிருந்து சக்கரம் ஆக்சிலோடு வெளியே வந்துவிடும். லேத் பட்டறையில் கொடுத்து வலதுபக்க சீல், பேரிங், வளையம் மூன்றையும் மாற்றினேன். ஆயில் குடித்த பிரேக் லைனரைப் பெட்ரோலில் கழுவிப் போடலாம் என்று அங்கே ஒருவர் சொன்னார். கழுவினால் மேற்பரப்பு காயும், உள்ளே ஊறியது சூட்டில் திரும்ப வெளியே வரும். மலையிறங்கும் வண்டிக்கு அது ஆகாது. இரண்டு பக்கமும் புது லைனர் போட்டேன், ஒரு பக்கம் மட்டும் போட்டால் பிரேக் இழுக்கும்.

பிரீதரை அப்படியே திரும்ப மாட்டவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு அதே மரையில் ஒரு நிப்பிள், அதிலிருந்து எண்ணெய் தாங்கும் ரப்பர் ஹோஸ், லோடு பாடியின் அடிச்சட்டம் வரை மேலே ஏற்றி, நுனியைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டினேன். ஆக்சில் மேலும் கீழும் குதிக்கும் அல்லவா, அதற்காக ஹோஸில் ஒரு முழம் தொய்வு விட்டிருக்கிறேன். இப்போது தண்ணீர் பாடி மட்டத்துக்கு வந்தால்தான் உள்ளே போக முடியும்.

ஆயில் ஏற்றுவதற்குப் பம்ப் இல்லை. லோடு பாடியில் ஏறி நின்று, புனலில் ஐந்தடி ஹோஸைச் சொருகி, மறுமுனையை லெவல் துளைக்குள் விட்டேன். டப்பாக்களைக் காலையிலிருந்து வெயிலில் வைத்திருந்ததால் ஆயில் தேன் மாதிரி இறங்கியது. துளையின் கீழ் விளிம்பிலிருந்து வழியத் தொடங்கியதும் நிறுத்தி, கால் மணி நேரம் விட்டு, ஆக்சில் குழாய்களுக்குள் பரவியதும் இன்னும் கொஞ்சம். மொத்தம் 1.9 லிட்டர் போயிற்று. அதற்கு மேல் திணிக்கக் கூடாது. ஆயில் அதிகமானால் கிரவுன் வீல் அதைக் கடைந்து நுரையாக்கும், சூடு ஏறும், புது சீலையும் சோதிக்கும்.

லெவல் பிளக் புதிது, செப்பு வாஷரும் புதிது. முறுக்கு விசை காட்டும் ஸ்பானர் என்னிடம் இல்லை. கையேடு 50 நியூட்டன் மீட்டர் கேட்டது. கால் மீட்டர் நீள ஸ்பானரின் நுனியில் இருபது கிலோ அழுத்தம் கொடுத்தால் அது வந்துவிடும். இருபது கிலோ எவ்வளவு என்று கைக்குத் தெரிய, கேரட் எடை போடும் கொக்கித் தராசை ஒரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். உளித் தழும்பு உள்ள பழைய பிளக்கைத் தூக்கிப்போடாமல் டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.

பழைய ஆயில் 1,150 மி.லி.யை வேலிக்காலில் பூசக் கேட்டார்கள். கரையானுக்கு நல்லது என்று எங்கள் பக்கம் வழக்கம்தான். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு, தோட்டத்துக் கிணறும் பக்கத்திலேயே இருக்கிறது. கேனில் அடைத்து, கழிவு ஆயில் எடுக்கும் ஆள் லேத் பட்டறைக்கு வரும்போது சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம்

500 கி.மீ.யில் திரும்ப வடித்தேன். தண்ணீர் புகுந்த பெட்டியை ஒரு தடவையில் சுத்தம் செய்ய முடியாது, மூலை முடுக்கில் தங்கியது புது ஆயிலில் கரைந்து வரும். இந்த முறை நிறம் லேசாக மங்கிய தேன். சூடான மூடியில் ஒரு சொட்டு விட்டபோது ஒரே ஒரு படக். காந்தத்தில் கண்மை, ஒரு மிளகளவு. ஜிகினா இல்லை. அளந்து பார்த்ததில் ஊற்றிய 1.9 லிட்டரும் இருந்தது.

எல்லாம் சேர்த்து, சீல், பேரிங், லைனர், பட்டறைக் கூலி, இரண்டு தடவை ஆயில், ஹோஸ், பிளக் என்று 6,400 ரூபாய் ஆயிற்று. பாதிக்கு மேல் லேத் பட்டறைக்கும் லைனருக்கும் போனதுதான்.

சத்தம் முழுக்கப் போகவில்லை. காய்ந்து ஓடிய பேரிங் காய்ந்ததுதான். வெறும் வண்டியில் ஏறும்போது இல்லை. உரம் ஏற்றினால் 30-க்கும் 35-க்கும் நடுவே ஒரு முனகல் இருக்கிறது, ஆப்பில் அதே 150, ஆனால் பேச்சுக் குரலுக்கு மேல் கேட்பதில்லை. அதைப் பதிவு செய்து தேதி போட்டு வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை அதே மேட்டில், அதே லோடில் திரும்பப் பதிவு செய்து ஒப்பிடுகிறேன். எட்டு மாதமாகக் கூடவில்லை. கூடினால் பினியனைக் கழற்றி இரண்டு பேரிங்கும் மாற்ற வேண்டும். அது வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை, இடைவெளியை நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் அளந்து வைக்க வேண்டிய வேலை.

டிரைவர் தம்பி இப்போது தரைப்பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, ஆக்சில் ஆறட்டும் என்று கால் மணி நேரம் நிற்கிறான். ஹோஸ் மேலே போனபிறகு அவ்வளவு தேவையில்லை என்று சொன்னேன். "இருக்கட்டுங்ணா, அங்கதான டீக்கட இருக்குது" என்றான்.